அத்தை ஊரில் ஒரு மாதம்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

பரீட்சை முடிந்து ராஜபாளையம் அத்தை வீட்டுக்குக் கிளம்பும் தங்கச்சி, முதலில் டிக்கெட்டைப் பார். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். மே கடைசியில் திரும்புவதற்கு மார்ச் கடைசியிலேயே போட்டு வை. கோடையில் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எழும்பூரில் ராத்திரி ஏறினால் விடியும்போது ஊர். சிவகாசி தாண்டியதும் எழுந்து முகம் கழுவிக்கொள், சார்ஜரை மறக்காதே. அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கடுத்தது ராஜபாளையம்.

அங்கே போய் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்காதே. இரண்டாம் நாளே ஒரு வேலையை உன் பொறுப்பில் எடுத்துக்கொள். ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி. சொந்தத்திலோ தெருவிலோ தையல் தெரிந்த ஒரு சித்தி கட்டாயம் இருப்பார். அவரிடம் போய், "சித்தி, எனக்கு மெஷின் சொல்லிக் குடுங்க"ன்னு நீயே கேள். முதல் வாரம் நேர்த் தையல் மட்டும் போடு. மேல்நூல் ரொம்ப இறுகினால் துணி சுருக்கம் விழும், தளர்ந்தால் அடியில் நூல் முடிச்சு முடிச்சாகத் தொங்கும். நல்ல துணியில் கை வைக்கும் முன் பழைய துணியில் ஒரு சாண் ஓட்டிப் பார்த்துக்கொள். தலையணை உறை, அப்புறம் பாவாடை, அதற்கப்புறம் நைட்டி. நீயே வெட்டித் தைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது வருகிற நிமிர்வு, மார்க் ஷீட்டைப் பார்க்கும்போது வருவதில்லை.

மாம்பழ சீசன் வேறு. சப்பட்டையைச் சாப்பிடாமல் வராதே. காம்பைக் கிள்ளிப் பால் வடியவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு நறுக்கு. அந்தப் பால் பட்டால் உதட்டோரம் வெந்துவிடும். அய்யனார் கோவில் அருவிக்குப் பெரியவர்களோடு மட்டும் போ. கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை பெய்து வெள்ளம் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறு. ராஜபாளையம் நாய்க்கு வீட்டு ஆள் ஒருவர்தான் உலகம். பழகும்வரை தலையில் கை வைக்காதே.

ஊர் பழகியதும் ஒரு நாள் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வா. பஸ் அடிக்கடி உண்டு. முக்கால் மணி நேரம்கூட ஆகாது. போகும்போது அத்தையிடம் நேரம் சொல்லிவிட்டுப் போ, அந்த நேரத்துக்குத் திரும்பி வா. இரண்டு முறை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் மூன்றாவது முறை உன்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு வந்துவிடாதே. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைப் பார். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, கட்டுவதற்கு வாழைநார். தினமும் புதிதாகச் செய்கிறார்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டி அவள் சூடிக் களைந்த மாலை மதுரைக்கு, அழகருக்குப் போகும். உன் லீவில்தான் அது நடக்கிறது, விசாரித்து வைத்துக்கொள்.

ஆண்டாளைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் குயிலிடம் கேட்கிறாள், மேகத்தைத் தூது விடுகிறாள், சங்கிடம் விசாரிக்கிறாள். தன் ஆசையை எதற்கும் கூசாமல் வாய்விட்டுச் சொன்ன பெண்ணைத்தான் இந்த ஊர் தாயாராக வைத்துக் கும்பிடுகிறது. அதனால் இந்த லீவில் யாரையாவது பார்த்து உனக்கு மனசு படபடத்தால், கெட்டுப்போய்விட்டோம் என்று நடுங்காதே. இந்த வயதில் வராமல் எப்போது வரும்? யாரிடமும் சொல்ல முடியாமல் அதைப் பூட்டி வைக்கும்போதுதான் ஆபத்து வருகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு, திட்ட மாட்டேன்.

அத்தை மகன் விஷயம் தனி. "இவன்தான்டி உன் முறைப்பையன்" என்று கல்யாண வீட்டிலும் திண்ணையிலும் கேலி பேசுவார்கள். சிரித்து மழுப்பினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். "அத்தை, நான் படிக்கணும், அப்படிப் பேசினா சங்கடமா இருக்கு" என்று மரியாதையோடு, ஆனால் எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிடு. அந்தப் பையனுக்கும் அதில் ஒரு நிம்மதி இருக்கும். அவனையே உனக்குப் பிடித்திருந்தாலும் இதையேதான் சொல்ல வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் கல்யாணம் செய்தால் பரம்பரை நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

பக்கத்து வீட்டுப் பையனோ, டைப்பிங் கிளாஸில் பார்த்தவனோ என்றால், நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசு. என்ன படிக்கிறான், வீட்டில் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான், நீ "வேண்டாம்" என்றால் அதோடு விடுகிறானா என்று கவனி. இந்த மூன்றாவதில் தோற்றவன் மற்ற இரண்டிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் வேண்டாம். போட்டோ கேட்டால் அனுப்பாதே. போன் பாஸ்வேர்டும் கொடுக்காதே. "என் மேல நம்பிக்கை இல்லையா" என்று கேட்கிறவனிடம் பேச்சைக் குறைத்துக்கொள்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 18 வயது ஆகும்வரை நீ சம்மதித்தாய் என்பது போக்சோ வழக்கில் எடுபடாது. உங்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பையனின் படிப்பும் வாழ்க்கையும் கோர்ட், ஸ்டேஷன் என்று அலைந்தே போய்விடலாம். அவன்மேல் உனக்கு அக்கறை இருந்தால் இதை அவனிடமும் சொல். யாராவது, சொந்தக்காரராகவே இருந்தாலும், தொட்டுத் தொந்தரவு செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. எந்த நேரமும் எடுப்பார்கள்.

திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே போடச் சொன்னதில் இதுவும் அடக்கம். தேதி தெரிந்திருந்தால் கடைசி வாரத்தில் அழுது, வாக்குக் கொடுத்து, மோதிரம் மாற்றிக்கொள்ளத் தோன்றாது. "நான் ஊருக்குப் போறேன், காலாண்டுப் பரீட்சை முடிஞ்சப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வா. அதற்குக் காத்திருக்கிறவனா என்பது உனக்கு அக்டோபரில் தெரிந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கிளம்புகிற அன்றைக்கே வாங்கு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது அது. ஆண்டாள் கோவிலைச் சுற்றி வரிசையாகக் கடைகள். சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும், ஆறினதாகக் கேள். ரயிலில் ஜன்னல் வெயில் படாமல் பைக்குள் நடுவில் வை. எனக்கு அரைக் கிலோ.