மூன்று முடிச்சுக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி உன் பெரியம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். தாலி ஏறிய பிறகும் அட்சதையைப் போட மறந்து, கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணவறையையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே ஒரு பாட்டி, அந்தப் படத்தை நான் எடுத்திருந்தால் ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருப்பேன். உனக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க யாராலும் ஆகாது. மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

தாலி கட்டும் படங்கள் மூன்றும் இருட்டாக இருப்பதையும் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது உன் ஃப்ளாஷ் எரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த நிக்கான் டி3500-ஐ விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் அம்மா. உன் கேமராவில் 24 மெகாபிக்சல் இருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்கு அது தாராளம். விலை கூடிய கேமராவில் அதே ஃப்ளாஷை மாட்டியிருந்தாலும் அதே மூன்று படமும் இருட்டாகத்தான் வந்திருக்கும். உன்னிடம் இருக்கும் பணத்தை நல்ல கார்டுக்கும் நல்ல ஃப்ளாஷுக்கும் போடு.

முதலில் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷ் தவறினால் ஒரு படம் போகும். கார்டு தவறினால் கல்யாணமே போய்விடும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. டிஜிட்டலுக்கு மாறிய புதிதில், ஒரு பெரியவருடைய சதாபிஷேகத்துக்குப் போனேன். 32 ஜிபி கார்டு ஒன்றை, வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறதென்று ஒரு கடைத்தெருவில் வாங்கியிருந்தேன். அட்டைப்பெட்டி, எழுத்து, நிறம் எதிலும் குறை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் முதல் முந்நூறு படம் வரைக்கும் திறந்தது. அதற்கு மேல் பெயர் இருக்கிறது, படம் இல்லை. கலசாபிஷேகம், பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று காலில் விழுந்தது, தம்பதி மறுபடியும் மாலை மாற்றிக்கொண்டது எல்லாமே வெறும் சாம்பல் கட்டங்கள். உண்மையில் அது 8 ஜிபி கார்டு. உள்ளே இருக்கும் சிறிய நிரலை மாற்றி, தன்னை 32 என்று சொல்லிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். கேமரா அதை நம்பியது, நானும் நம்பினேன். நாலு மாதத்தில் அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். வீட்டுக்காரர்கள் மாலை போட ஒரு படம் கேட்டு வந்தார்கள். முதல் முந்நூறில் இருந்த ஒன்றைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். சங்கல்பத்துக்குக் குனிந்திருந்தார், முகம் பாதிதான் தெரியும். அந்த வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அதனால் கார்டு வாங்கும்போது கம்பெனி அங்கீகரித்த விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கு. வாங்கிய அன்றே சோதித்துப் பார். விண்டோஸ் லேப்டாப்பில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்றொரு இலவச மென்பொருள் ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, சொன்ன கொள்ளளவு நிஜமாக இருக்கிறதா என்று அவை சொல்லிவிடும். 128 ஜிபி என்றால் ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். பொறுமையாக ஓடவிடு.

நீ ஆன்லைன் தள்ளுபடியில் 128 ஜிபி மைக்ரோ எஸ்டி வாங்கி, அடாப்டரில் செருகிப் பயன்படுத்துவதாகச் சொன்னாய். அதை ஃபோனுக்குக் கொடுத்துவிடு. அடாப்டர் என்பது இடையில் கூடுதலாக ஒரு ஜோடி தொடுமுனை. பன்னீரும் வியர்வையும் தூசியும் உள்ள மண்டபத்தில், தவறுவதற்கு இன்னும் ஓர் இடம் எதற்கு? முழு அளவு எஸ்டி கார்டே வாங்கு. ஒரே பெரிய கார்டும் வேண்டாம். உன் கேமராவில் கார்டு போட ஒரு துளைதான் உண்டு. எடுக்கும்போதே இரண்டு கார்டில் பதிகிற வசதி அதில் கிடையாது. ஆகவே 32 ஜிபியில் நாலு வைத்துக்கொள். ரா ஃபைலாக எடுத்தால்கூட ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் படம் பிடிக்கும். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, காலைச் சடங்குகளுக்கு ஒன்று. முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் புதுக் கார்டு போட்டுவிடு, பழையது பாதிதான் நிறைந்திருந்தாலும் சரி. எடுத்த கார்டு கேமரா பையில் கிடக்க வேண்டாம், உன் உடம்போடு இருக்கட்டும். பை திருடு போகும். பந்திக் கூட்டத்தில் யாரோ நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

கார்டின் மேல் பெரிதாக 170, 200 என்று அச்சடித்திருப்பார்களே, அதைப் பார்த்து மயங்காதே. அது கார்டிலிருந்து படத்தைப் படித்து எடுக்கும் உச்ச வேகம். உனக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் எவ்வளவுக்குக் கீழே இறங்காது என்ற கணக்கு. அது சின்னக் குறிகளில் இருக்கும். ‘சி’ எழுத்துக்குள் 10 என்றால் வினாடிக்கு 10 எம்பிக்குக் குறையாது. ‘யூ’ வடிவத்துக்குள் 3 என்றாலும் ‘வி30’ என்றாலும் 30 எம்பி. வி30 போதும். தொடர்ச்சியாக அமுக்கி எடுக்கும்போது படங்கள் முதலில் கேமராவின் உள்நினைவில் சேர்ந்து, பிறகுதான் கார்டுக்கு இறங்கும். மெதுவான கார்டு என்றால் உள்நினைவு நிரம்பி, ஷட்டர் உன் விரலுக்குப் பதில் சொல்லாது. பின்பக்கம் இரண்டு வரிசைத் தொடுமுனை உள்ள யூஎச்எஸ்-2 கார்டு உனக்குத் தேவையே இல்லை. உன் கேமராவில் ஒரு வரிசைக்குத்தான் இடம், கொடுத்த விலைக்கு வேகம் கிடைக்காது.

எழுதும் விளக்கு எரியும்போது கார்டை உருவாதே. மண்டபத்தில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக அழிக்காதே, அவசரத்தில் விரல் தவறும். இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகே கேமராவிலேயே ஃபார்மேட் செய். தப்பித்தவறி அழித்துவிட்டால் பதறாதே, அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படமும் எடுக்காதே. அழிப்பது என்றால் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலில் இடம் காலி என்று குறிப்பதுதான், படம் அங்கேயே கிடக்கும். புதுப் படம் அதன் மேல் ஏறினால்தான் போகும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் நான் இரண்டு குடும்பங்களுக்குப் படங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். இந்தக் கார்டுகளுக்குள் இருப்பது ஃப்ளாஷ் மெமரி. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் 1980-களில் ஃபுஜியோ மசுவோகா அதைக் கண்டுபிடித்தார். ஒரு பெரும் பகுதி தரவு ஒரே நொடியில் அழிவதைப் பார்த்த அவருடைய சகா ஷோஜி அரிஇசுமிக்கு கேமரா ஃப்ளாஷ் ஞாபகம் வர, அந்தப் பெயரையே சொன்னாராம். நம் தொழிலிலிருந்து போன பெயர் நம் தொழிலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

இனி அந்த மூன்று இருட்டுப் படங்கள். இரவல் வாங்கிய மேனுவல் ஃப்ளாஷ், நாலு சாதாரண பென்சில் செல், முழு சக்தி. அப்படித்தானே? ஃப்ளாஷுக்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. செல்லிலிருந்து மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கொட்டிவிடும். முழுவதும் கொட்டினால் மறுபடி நிரம்ப, புது செல்லிலேயே சில வினாடி ஆகும். காலையிலிருந்து அடித்த செல்லில் பத்து வினாடிகூட ஆகும். நீ மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது ஒன்று, எல்லோரிடமும் ஆசி வாங்கிய தட்டை ஒன்று என்று அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறாய். மூன்று முடிச்சும் விழுகிற நேரத்தில் ஃப்ளாஷ் வெறும் வயிறாக இருந்திருக்கிறது.

இதற்கு மருந்து, ஃப்ளாஷை முழு சக்தியில் வைக்காமல் இருப்பது. ஐஎஸ்ஓ-வை 100-லிருந்து 400-க்கு உயர்த்தினால் நாலில் ஒரு பங்கு வெளிச்சம் போதும். 800 என்றால் எட்டில் ஒன்று. உன் கேமரா 800-ஐயும் 1600-ஐயும் நன்றாகவே தாங்கும். எட்டில் ஒரு பங்கு சக்தியில் ஃப்ளாஷ் கிட்டத்தட்ட உன் விரலோடு ஓடிவரும். சாதாரண செல்லை விட்டுவிட்டு, திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு நாலாக இரண்டு செட், ஆக எட்டு, வாங்கிக்கொள். முகூர்த்தத்துக்குக் கார்டு மாற்றும்போதே செல்லும் மாற்று. பிறகு தாலித் தட்டு சுற்றி வரும்போது கையைக் கட்டிக்கொண்டு பொறு. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கெட்டிமேளத்துக்குக் காத்திரு.

கேமராவிலேயே எழுந்து நிற்கும் ஃப்ளாஷை முழுக்க ஒதுக்க வேண்டாம், அதன் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று மட்டும் தெரிந்துகொள். உன் கேமராவில் அதன் கைடு நம்பர் 7. அதை அப்பர்ச்சரால் வகுத்தால் எத்தனை மீட்டர் என்று வரும். கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அப்பர்ச்சர் 5.6. ஏழை 5.6-ஆல் வகுத்தால் 1.25 மீட்டர், அதாவது மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நீ மேடையிலேயே ஏறி நின்று எடுக்கும் தூரம். ஐஎஸ்ஓ 400-இல் அது 2.5 மீட்டர், 1600-இல் 5 மீட்டர். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து அதை அடிப்பதில் பயனில்லை. லென்ஸ் ஹூட் மாட்டியிருந்தால் கழற்றிவிடு. இல்லையென்றால் படத்தின் கீழே பிறைபோல ஒரு நிழல் விழும். உன் சீர்வரிசைப் படம் இரண்டில் அது இருக்கிறது.

வெளி ஃப்ளாஷ் சொந்தமாக வாங்கும்போது தலை திரும்புகிறதா என்று பார். முகத்துக்கு நேராக அடித்தால் பட்டின் ஜரிகை வெள்ளையாக எரியும், நெற்றியில் வியர்வை மினுங்கும், பின்சுவரில் கறுப்பாக நிழல் நிற்கும். தலையைத் திருப்பி வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ அடித்து, அங்கிருந்து திரும்பி வரும் ஒளியில் எடு. கூரை இருபத்தைந்து அடி உயரம் என்றால் ஒளி போய்த் திரும்புவதற்குள் தேய்ந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் அல்லவா. சாமியானா கட்டியிருந்தால் அந்தத் துணியின் சிவப்பும் பச்சையும் முகத்தில் ஏறும். அப்போது ஃப்ளாஷ் தலையை மேலே நிமிர்த்தி, பின்னால் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டால் கட்டு. நான் பல வருஷம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தையே கட்டியிருக்கிறேன்.

குரூப் போட்டோவில் உன் முன்வரிசை வெளுத்தும் பின்வரிசை மங்கியும் இருப்பதற்கும் இதே கணக்குதான். முன்வரிசை உனக்கு 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், முன்னால் இருப்பவர்களுக்கு இரண்டே கால் மடங்கு வெளிச்சம். நீ இரண்டு மீட்டர் பின்னால் போய்விட்டால் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குச் சுருங்கிவிடும்.

ஹோமத்துக்கு எதிரில் உட்காரும்போது ஃப்ளாஷை அணைத்துவிடு. புகை ஒளியை உன் பக்கமே திருப்பி வீசும், நெருப்பின் செம்மையும் போய்விடும். 1/100-இலோ 1/50-இலோ எடு. நம் ஊர் மின்சாரத்தில் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கும். இந்த வேகங்களில் அதன் பட்டை படத்தில் விழாது.

இன்னொன்று. உன் படங்களில் மாப்பிள்ளையின் அக்காவை வெளுக்க வைத்திருக்கிறாய். அவள் நல்ல கறுப்பு, அழகான கறுப்பு. ஃப்ளாஷைக் கூட்டி, பிறகு கம்ப்யூட்டரிலும் ஏற்றி, அவளை வேறு யாரோவாக ஆக்கிவிட்டாய். வெள்ளை வேட்டி சட்டை நிறைந்த படத்தில் தானியங்கி ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் குறைக்கும், அங்கே நீ கொஞ்சம் கூட்டு. ரிசப்ஷனில் கறுப்புக் கோட்டு என்றால் குறை. ஆனால் தோலின் நிறம் அவரவருடையதாகவே இருக்கட்டும். வீட்டுக்காரர்களே வந்து வெளுக்கச் சொன்னாலும், நிதானமாகப் பேசி, உள்ளபடியே ஒரு பிரதியாவது ஆல்பத்தில் வை. இதில் நீ எனக்காகப் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

பழைய ஸ்டுடியோ அலமாரியிலிருந்து யாராவது ஃபிலிம் காலத்து ஃப்ளாஷைத் தூக்கிக் கொடுத்தால் வாங்கி மாட்டிவிடாதே. சிலவற்றின் டிரிகரில் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், டிஜிட்டல் கேமராவின் உள்ளே இருப்பதைப் பொசுக்கிவிடலாம். உன் தோழி கேனான் 200டி மார்க் 2 வாங்கப் போகிறாள் என்றாயே, அதன் ஹாட் ஷூவில் நடுத்தொடுமுனை கிடையாது. ஒற்றை முனை மேனுவல் ஃப்ளாஷும் டிரிகரும் அதில் எரியாது. வாங்குவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடு.

மார்கழி முழுக்க நமக்கு முகூர்த்தம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து இங்கே வந்துவிடு. நம் தெருக்கோடி மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது, வாட்ச்மேனிடம் சாவிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரப் பெரியம்மா சம்மதித்துவிட்டாள். எட்டு செல்லையும் முதல் நாளே சார்ஜ் போட்டு எடுத்து வா. அந்த 128 ஜிபி கார்டையும் மறக்காமல் கொண்டு வா. நாம் மண்டபத்தில் இருக்கும் நேரத்தில் என் கம்ப்யூட்டரில் அது சோதனையில் ஓடட்டும்.

அன்புடன்,
பெரியப்பா