சோள விதைக்குக் கஞ்சிப் பூச்சு

கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் எதற்கு வறட்சிக் குறிப்பு என்று கேட்பவர்கள், வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் இருக்கும் பாத்தியில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே மழை கொட்டும். உள்ளே மண் மாவாக உதிரும். தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் நுண்ணுயிர் உரம் இந்தப் பாத்திக்கும் கைகொடுக்கும்.

1. பெயர் பார்த்து வாங்குங்கள். சோளத்துக்கு அசோஸ்பைரில்லம். கூடவே பாஸ்போபாக்டீரியா கிடைத்தால் இன்னும் நல்லது. ரைசோபியம் பயறு, கடலைக்கு உரியது. சோள வேரில் அது முடிச்சுப் போடாது.

2. பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறை செத்துவிட்டால் பால் பாலாகவே கிடக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் படாத, பூச்சி மருந்து இல்லாத அலமாரியில் வையுங்கள். நான் முதல் பாக்கெட்டை ஜன்னலோரம் மறந்து வைத்துவிட்டு, அந்தப் போகம் முழுக்க ஒரு பலனும் காணவில்லை.

3. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவரிடம் பெட்டியில் போட்டு எடுத்து வரச் சொல்லாதீர்கள். நுண்ணுயிரும் மண்ணும் மலேசியாவுக்குள் வர முன் அனுமதி வேண்டும். இங்குள்ள பாஜா (உரக்) கடையிலேயே கேளுங்கள்.

4. விதைக்குப் பூசும் முறை: ஒரு கிலோ விதைக்கு 30 கிராம் தூள் கணக்கு. (ஹெக்டேருக்கு 600 கிராம் என்று பல்கலைக்கழகம் சொல்வதை வீட்டளவுக்குக் குறைத்தது.) இரண்டு கைப்பிடி விதைக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். உப்புப் போடாத சோற்றுக் கஞ்சியை நன்றாக ஆறவிடுங்கள். விரல் பொறுக்கும் சூடு கூட ஆகாது. தூளைக் கஞ்சியில் குழைத்து, விதையைப் போட்டு, ஒவ்வொன்றும் கறுத்த சட்டை போட்டது போல ஆகும் வரை கையாலேயே புரட்டுங்கள். பழைய செய்தித்தாளில் பரப்பி அரை மணி நேரம் நிழலில் உலரவிட்டு, அன்றே ஊன்றிவிடுங்கள். மறுநாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.

5. கடை விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் பூஞ்சண மருந்து ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கஞ்சிப் பூச்சு வீண். தூளை மக்கிய எருவோடு கலந்து, விதைக்கும் குழியில் ஒரு பிடி போடுங்கள்.

6. இந்த மலையில் தேயிலை செழிக்க மண்ணின் புளிப்பும் ஒரு காரணம். சோளத்துக்கும் அசோஸ்பைரில்லத்துக்கும் அவ்வளவு புளிப்பு ஆகாது. விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்போ டோலமைட்டோ தூவிக் கிளறிவிடுங்கள். சுண்ணாம்பையும் நுண்ணுயிர் உரத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

7. கோழி எருவைக் கொட்டாதீர்கள். கேமரன் மலையில் நமக்கு அது கைப்பழக்கம். தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து அதை எடுத்துத் தராது. அதற்காக எருவை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வழக்கத்தில் கால் பங்கு குறைத்துப் பாருங்கள்.

8. பாத்திக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரை முதல் நாள் இரவே வாளியில் திறந்து வையுங்கள். குளோரின் போகட்டும்.

9. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் போட்டிருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு தகவல். இலையில் வாழும் இளஞ்சிவப்பு பாக்டீரியாவைத் திரவமாக்கி, பிபிஎஃப்எம் என்ற பெயரில் கோவையில் தருகிறார்கள். மழை பொய்க்கும்போது லிட்டருக்கு 10 மில்லி கலந்து, காலையிலோ மாலையிலோ இலை நனையத் தெளிக்கலாம். பூச்சி மருந்தோடு சேர்க்கக் கூடாது. ஆண் பூ விரிந்து பட்டுநூல் வரும் நாட்களில் மண் காய்ந்தால் கதிரில் மணி சரியாகப் பிடிக்காது. அந்த வாரங்களை விட்டுவிடாதீர்கள்.

10. ஒரு வரிசையைப் பூச்சில்லாமல் விதையுங்கள். இருபதாம் நாள் இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து மெதுவாக உதறுங்கள். என் பாத்தியில் பூச்சில்லாத வேர் வெள்ளையாக, நூல் நூலாக வெளியே வந்துவிட்டது. பூசிய வேரில் மண் உதிரவே இல்லை; சல்லி வேர் அடர்ந்து அதைப் பிடித்திருந்தது. அசோஸ்பைரில்லம் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்தான் வேரை இப்படிக் கிளைக்க வைக்கிறது. தண்ணீர் ஊற்ற இரண்டு நாள் தவறியபோது முதலில் இலை சுருண்டது பூச்சில்லாத வரிசையில்தான்.