ஏரியின் அடியில் எழுந்த ஊர்

நிலத்தைக் கடல் கொள்ளுதல் உண்டு. ஆறு அரித்துக்கொண்டு போதலும் உண்டு. நீர் கொண்ட நிலத்தை மக்கள் மீண்டும் கைக்கொண்டு, அதன்மேல் ஊரும் தெருவும் அமைத்து வாழ்தல் அரிது. அவ்வரிய செயலை வழக்கமாகவே கொண்ட நாடு நெதர்லாந்து. அந்நாட்டு மக்களை ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் வழங்கினர். அந்நாட்டின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்மேற்கே ஹோப்டோர்ப் என்றோர் ஊர் உளது. தலைநகரிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் அலுவல் புரிவோர் பலர் அங்கே குடியிருக்கின்றனர். 70,000-க்கும் மேற்பட்ட மக்கள் உறையும் அவ்வூர், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்வான நிலத்தில் அமைந்துள்ளது. 1840-ஆம் ஆண்டில் அங்கே ஊரும் இல்லை, நிலமும் இல்லை. மீன் திரிந்தது, படகு மிதந்தது.

அந்நீர்ப்பரப்பிற்கு ஹார்லெமர்மேர் என்பது பெயர். 'மேர்' என்பது ஏரியைக் குறிக்கும் டச்சுச் சொல். முன்னாளில் அங்குத் தனித்தனியே சில ஏரிகள் இருந்தன. அவற்றின் கரைகள் உறுதியான மண்ணால் ஆனவை அல்ல. செடிகொடிகள் மக்கி உண்டான மெல்லிய கரிமண்ணால் ஆனவை. அம்மண்ணை வெட்டி உலர்த்தி விறகு போல எரிப்பது அந்நாட்டார் வழக்கம். மக்கள் ஒருபுறம் வெட்ட, காற்றும் அலையும் மறுபுறம் அரிக்க, ஏரிகள் ஒன்றோடொன்று கலந்து பெரியதோர் ஏரி ஆயின. 1573-ஆம் ஆண்டில் ஸ்பானியர்க்கும் ஒல்லாந்தர்க்கும் அதன்மேல் கப்பற்போரே நிகழ்ந்தது என்றால் அதன் பரப்பை உணரலாம். நியூவர்கர்க், ரைக், வைப்ஹைசன் என்னும் சிற்றூர்களை அது விழுங்கியது. ஆண்டுதோறும் நிலத்தைத் தின்று பெருகிய அவ்வேரியை மக்கள் 'நீர் ஓநாய்' என்று அழைத்தனர். அச்சத்தில் பிறந்த பெயர்களுள் இதனினும் பொருத்தமானது ஒன்றை யான் அறியேன்.

ஓநாயை அடக்கும் எண்ணம் புதியதன்று. 1640-களிலேயே லேக்வாட்டர் என்னும் பொறிவல்லார், 160 காற்றாலைகளைக் கொண்டு ஏரிநீரை இறைத்துவிடலாம் என்று ஒரு நூலில் எழுதினார். அவர் பெயர் இன்றைய டச்சு மொழியில் 'வெற்று நீர்' என்று பொருள்படும். காரணப்பெயருக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு! அவருக்குப் பின் கிரூக்கியஸ், லிண்டன் முதலியோரும் திட்டம் வகுத்தனர். திட்டங்கள் ஏட்டளவில் நின்றன; செலவுக்கு அஞ்சிய ஆட்சியாளர் காலம் கடத்தினர்.

1836-ஆம் ஆண்டு அவர்தம் தயக்கத்தைத் தீர்த்துவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் எழுந்த புயல் ஏரிநீரை ஆம்ஸ்டர்டாமின் வாயில் வரை உந்தியது. டிசம்பரில் வேறு திசையினின்று வீசிய புயல் அந்நீரையே லைடன் நகரத் தெருக்களில் புகச்செய்தது. பின்னரே அரசு விழித்தது. 1839-இல் சட்டம் இயற்றப்பெற்று, மறு ஆண்டில் பணி தொடங்கிற்று.

ஏரிநீர் எவ்வாறு வெளியேற்றப்பட்டது என்பதை இனிக் காண்போம். முதலில் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரையும், கரையின் வெளிப்புறத்தே கால்வாயும் அமைத்தனர். ஆயிரக்கணக்கான கூலியாளர் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு அதனைத் தோண்டினர். பின்பு மூன்று இடங்களில் நீராவிப் பொறிகளை நிறுவினர். இப்பொறிகள் ஏரிநீரை மேலே தூக்கிக் கால்வாயில் விடும்; கால்வாய் அதனைக் கடல்நோக்கிச் செலுத்தும். அம்மூன்று நிலையங்களுக்கும் லேக்வாட்டர், கிரூக்கியஸ், லிண்டன் என்று பெயரிட்டனர். எண்ணியவர் மூவருள் ஒருவரும் தம் எண்ணம் முடிந்ததைக் காண உயிரோடில்லை. கிரூக்கியஸ் நிலையத்துப் பொறியின் உருளை 3.66 மீட்டர் குறுக்களவு உடையது. அது ஒருமுறை அசைந்தால் எட்டுக் குழாய்களின் வழியே 64,000 லிட்டர் நீர் மேலேறும். 1933 வரை உழைத்த அப்பொறி இன்று காட்சிச்சாலையில் உளது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இரவுபகல் இறைத்தபின், 1852 ஜூலையில் ஏரி வற்றியது. ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் நிலம் வெளிப்பட்டது.

நிலம் கிடைத்தது, வாழ்வு எளிதிற் கிடைக்கவில்லை. அரசு நிலத்தை 200 மீட்டர் அகலமும் 1,000 மீட்டர் நீளமும் உடைய துண்டுகளாக அளந்து ஏலம் விட்டது. நகரத்துச் செல்வர் பலர் வாங்கினர், உழுதவரோ வறியவர். சேறும் நாணலும் மண்டிய அத்தரையில் நல்ல பாதை இல்லை. பருகத் தூய நீர் இல்லை. மருத்துவ வசதியும் போதாது. நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலத்திலே குடிக்க நீரின்றி மக்கள் இடருற்றனர். வாந்திபேதியும் முறைக்காய்ச்சலும் குடும்பம் குடும்பமாகப் பற்றின. மண் வெட்டியவர், முதற்பயிர் இட்டவர், அங்கேயே மாண்டவர் ஆகிய இவர்தம் பெயரை எந்தப் பொறியும் தாங்கவில்லை. நிலத்தை விற்றதோடு தன் கடமை முடிந்ததென அரசு இருந்தது பெருங்குறையே. அக்குறையை அந்நாட்டார் மறந்திலர். 1930-இல் வீரிங்கர்மேர் என்னும் வேறொரு நீர்நிலம் வற்றியபோது, அரசே மண்ணைப் பண்படுத்திப் பாதை வகுத்த பின்னரே குடியானவர்களை அமர்த்தியது.

வற்றிய ஏரியின் நடுவே, நெடுக ஓடும் தலைச்சாலையும் குறுக்கே செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் 1853-இல் ஒரு சிற்றூர் தோன்றிற்று. அதனைக் 'குறுக்கூர்' எனப் பொருள்படக் கிரைஸ்டோர்ப் என்றனர். 1868-இல் 'தலையூர்' எனப் பொருள்படும் ஹோப்டோர்ப் என மாற்றினர். 1856-இல் அங்கே கட்டப்பட்ட மாவரைக்கும் காற்றாலைக்குத் 'தலைப்பிள்ளை' என்று பெயர். கோதுமையும் கிழங்கும் விளைந்த உழவர் ஊராகவே அது நெடுநாள் இருந்தது. 1912-இல் வந்த இரயில், போதிய பயணிகள் இன்மையால் 1935 இறுதியோடு நின்றுபோயிற்று.

ஊரின் போக்கை மாற்றியது அதே ஏரித்தரையில் 1916-இல் படைத்துறைக்காக அமைந்த ஸ்கிப்போல் விமானத் தளம். பின்னர் அது பெரியதோர் உலக விமான நிலையமாய் வளர்ந்தது. 1981-இல் இரயில் மீண்டும் வந்தது. வயல்கள் தெருக்களாயின.

இன்று காலையில் அவ்வூரைக் காண்பவர்க்கு முதலில் புலப்படுவது மிதிவண்டிகளின் அணிவகுப்பு. பள்ளிப் பிள்ளைகளும் அலுவலரும் தமக்கெனச் சிவப்பாகப் பாவிய பாதையில் செல்வர். இரயில் நிலையத்தில் மிதிவண்டியை நிறுத்தி, சில நிமிடத்தில் ஸ்கிப்போலையும், அதன்பின் ஆம்ஸ்டர்டாமையும் அடைவர். நண்பகலில் ரொட்டியும் பாற்கட்டியுமே பலர்க்கு உணவு; சூடான உணவு மாலை ஆறு மணி அளவில்தான். விமானங்களின் முழக்கம் மட்டும் பேச்சினூடே வந்து புகும். ஓசை மிகுந்த இடங்களில் வீடு கட்டுதற்குத் தடை உண்டு. வேலையளிக்கும் விமான நிலையமே உறக்கத்தையும் கெடுக்கிறது என்னும் வழக்கு அங்கே தீர்ந்தபாடில்லை.

அவ்வூரார் மறவாத மற்றொன்று நீர். மழைநீர் தானே வடிந்தோட வழியில்லை. நிலத்தின் கீழிருந்து உப்புக் கலந்த நீரும் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நீராவிப் பொறிகளுக்குப் பின்வந்த பொறிகள் இன்றும் இறைக்கின்றன. கரைகளையும் நீர்மட்டத்தையும் காக்கும் பொறுப்பு ரைன்லாந்து நீர்வாரியத்திற்கு உரியது. 13-ஆம் நூற்றாண்டு முதல் வரும் அமைப்பு அது. ஒவ்வொரு வீட்டாரும் அதற்கு வரி செலுத்துகின்றனர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதன் உறுப்பினரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதிலும் பெற்றோர் கருத்தாக உள்ளனர். முதற்சான்றிதழ் பெறும் தேர்விலே, சட்டையும் காலணியும் அணிந்தவாறே குளத்தில் இறங்கி நீந்திக் காட்டவேண்டும். வாய்க்காலில் தவறி விழுபவர் உடைகளைந்து விழுவதில்லை அன்றோ! தேர்வு முடிந்து மிதிவண்டியில் திரும்பும் சிறுவன் சுற்றுக் கால்வாயின் ஓரமாய் வருவானாயின், கரைக்கு அப்பால் செல்லும் படகுகளைத் தலை நிமிர்த்தியே காணவேண்டும்.