கண்ணிமை அறுவை: செய்துகொண்டவனின் குறிப்புகள்

ரயில்வே சிக்னல் பிரிவில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால், அதைவிட வெட்கக்கேடு உண்டா? சென்ற ஆண்டு ஒரு மாலை, நாக்பூர் நாற்சந்தி ஒன்றில் ஸ்கூட்டரில் அதைத்தான் செய்தேன். பின்னால் இருந்த என் மனைவி முதுகில் குத்திய பிறகே தெரிந்தது. விளக்கு உயரத்தில் இருந்தது. தொங்கிய மேலிமைத் தோல் அதை மறைத்துவிட்டது. பொங்கல் விழாவில் "என்ன சார், தூக்கமா?" என்று நண்பர்கள் கேட்டதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

கண் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் முதலில் இமை தொங்குவதன் வகையைப் பார்த்தார். தோல் மட்டும் தளர்ந்து மடிவது ஒன்று. இமையைத் தூக்கும் தசை தளர்ந்து, இமையின் விளிம்பே இறங்குவது இன்னொன்று. இதை டோசிஸ் என்கிறார்கள். தோலை வெட்டினால் இது சரியாகாது, தசையையே சீர் செய்ய வேண்டும். திடீரென்று ஒரு பக்க இமை மட்டும் இறங்கினாலோ, உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, அழகு சிகிச்சையை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எனக்குத் தோல்தான். கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்த்தபடி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒருமுறை இமை இருந்தபடியே. மறுமுறை தோலைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி. இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் என்னையே திகைக்க வைத்தது. அந்தப் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். பார்வைத் தடை என்று காட்ட அவை உதவும்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் ரத்த அழுத்த மாத்திரையை எழுதினேன், தினம் போடும் ஆஸ்பிரினை எழுதவில்லை. அதை மருந்தாகவே நான் நினைக்கவில்லை! நர்ஸ் துருவிக் கேட்டதால் தப்பித்தேன். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரின் சம்மதத்தோடு சில நாட்கள் நிறுத்தினார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்து. கண் வறட்சி இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

அன்று என்னை உட்கார வைத்துப் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் தோல் நகர்ந்துவிடுமாம். புருவத்துக்கும் இமை மயிருக்கும் நடுவே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் கண் மூடாது என்றார் டாக்டர். அளந்து வெட்டும் தொழிலில் இருந்தவனுக்கு அது மனதுக்கு இதமாக இருந்தது. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று குத்தும். பிறகு வலி இல்லை. ரத்தக் குழாயைச் சுடும்போது மட்டும் கருகல் வாசனை. ஒரு மணி நேரத்துக்குள் இரு கண்களும் முடிந்தன.

முதல் இரவுதான் முக்கியம். வீக்கமும் லேசான வலியும் இருக்கும். ஆனால் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனாலும் தூக்கம் வருமா? விழித்தபோதெல்லாம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரில் ராகுகாலம் படித்துப் பார்த்தேன். ஆயிண்ட்மெண்ட் பூசியிருந்ததால் சற்றுப் புகை மூட்டம், அவ்வளவே.

இரண்டு தலையணை, முதல் இரண்டு நாட்கள் விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம். குனியவோ பாரம் தூக்கவோ கூடாது. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம்கூட மனதுக்குள்தான். மறுநாள் முகம் முதல் நாளைவிட மோசம், கத்தரிக்காய் நிறம். பால்காரர் யாரிடம் அடி வாங்கினேன் என்று விசாரித்தார். 6ஆம் நாள் தையல் பிரித்தார்கள். கன்றிய நிறம் மறைய இரண்டு வாரம், தழும்பின் சிவப்பு அடங்கச் சில மாதங்கள். வீட்டில் கல்யாணம் இருந்தால் இரண்டு மூன்று மாதங்களாவது முன்னதாகவே செய்துகொள்ளுங்கள்.

இப்போது அதே நாற்சந்தியில் தலையை நிமிர்த்தாமலே விளக்கு தெரிகிறது. என் மனைவி தன் கண்ணுக்குக் கீழுள்ள பையையும் கருவளையத்தையும் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டார். பை பிதுங்கிய கொழுப்பு, அதைச் சரிசெய்யலாம். கருமை தோலின் நிறம், கத்தியால் போகாது. கீழிமையில் தோலை அதிகம் எடுத்தால் இமை வெளிப்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்றார். அம்மையார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.