மழை விட்டதும் கட்டை இழு

அன்புள்ள இனியனுக்கு,

சாலை போடும் எந்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். போடுவதைவிட, போட்ட சாலையைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அதைக் குதிரைகளை வைத்துச் செய்த காலத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அன்றைய கிராமச் சாலைகள் பெரும்பாலும் வெறும் மண்தான். மழை பெய்தால் சக்கரம் புதையும். காய்ந்தால் அந்தத் தடமே இறுகிப்போய் வண்டியை உலுக்கும். 1877-இல் பென்னாக் என்பவர் பென்சில்வேனியாவில் குதிரை இழுக்கும் சாலை எந்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் சாய்வாக வைத்த தகடு மண்ணைத் தள்ளும்போது, மண்ணும் எந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். இதைச் சமாளிக்க 1885 வாக்கில் ஆடம்ஸ் என்பவர் சக்கரங்களையே சாய்த்து வைத்தார். அருமையான யோசனை!

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, மிசௌரி மாநிலத்து மெய்ட்லண்ட் ஊர் விவசாயி வார்ட் கிங் 1896 வாக்கில் செய்த கருவி. ஏழெட்டு அடி நீள மரக்கட்டையை நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த முகம் முன்னால் இருக்கும்படி இரண்டு பாதிகளையும் இரண்டரை அடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் இணைக்க வேண்டும். மேலே ஒரு பலகை. அதில் நின்றபடி ஒருவர் இரண்டு குதிரைகளை ஓட்டுவார். சங்கிலியை ஒரு பக்கம் தள்ளி மாட்டுவதால் கட்டை சாய்வாக நகர்ந்து, ஓரத்து மண்ணை நடுவுக்குக் கொண்டுவரும். அவர் இடம் மாறி நின்றாலே வெட்டும் ஆழம் மாறிவிடும்.

நேரம் பார்த்து இழுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மழை விட்டு, மண் ஈரமாக இருக்கும்போதே இழுக்க வேண்டும். காலில் ஒட்டும் சேறாக இருக்கக் கூடாது. அப்படி இழுத்தால் களிமண், சாணம் மெழுகிய தரை மாதிரி வழவழப்பாகும். வெயிலில் இறுகியபின் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. நடு உயர்ந்திருப்பதால் மழைநீர் ஓரத்துக்கு ஓடிவிடும். ஒரு தடவை இழுத்தால் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பின்பும் இழுக்க வேண்டும். சாலை மோசமாக இருந்தால் கிராமத்துக்குத் தபால் வண்டி வராது என்பதால், விவசாயிகளும் இதை அக்கறையோடு செய்தார்கள். 1908-இல் அந்நாட்டு வேளாண் துறை, கிங் எழுதிய செய்முறையைச் சிறு வெளியீடாகவே அச்சிட்டது.

பிறகு குதிரைகளின் இடத்துக்கு டிராக்டரும் மோட்டாரும் வந்தன. இன்று சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் எந்திரத்திலும் அதே சாய்ந்த தகடுதான், முன்சக்கரங்களும் சாயும். சாலையைக் கெடுப்பதில் முதல் ஆள் தண்ணீர்தான் என்பதும் மாறவில்லை.

அடுத்த மழை விட்டதும் உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா