பதற்றத்திற்குப் பேச்சுவழிச் சிகிச்சை: எது, எவருக்கு?

கவலை எல்லோருக்கும் உண்டு. ஆயினும் பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், கடன், பயணம் என ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு, ஆறு மாதங்களுக்கும் மேலாகப் பெரும்பாலான நாள்களில் கட்டுக்கடங்காமல் தொடரும் கவலையைப் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறோம். உறக்கக் குறைவு, தசை இறுக்கம், எரிச்சல், களைப்பு ஆகியன உடன் வரும். இதய நோய் என்றெண்ணிப் பலமுறை ஈ.சி.ஜி. எடுத்த பின்னரே பலர் மனநலப் பிரிவுக்கு வருகின்றனர். தைராய்டு மிகைச் சுரப்பும் இத்தகைய குறிகளைக் காட்டக்கூடும் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

இதற்கான பேச்சுவழிச் சிகிச்சைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது எண்ண-நடத்தைச் சிகிச்சை, சி.பி.டி. என்பர். வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை நடைபெறும். சான்றாக ஒரு தாயைக் கொள்வோம். மகன் தென்காசியிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்படுகிறான். சங்கரன்கோவில், விருதுநகர், மதுரை என ஒவ்வோர் ஊரிலும் அவனிடம் பேசினால்தான் அவருக்கு மூச்சு வரும். அவன் எடுக்காவிட்டால் விபத்து என்றே மனம் முடிவு கட்டும். சிகிச்சையில் அவர் தம் அச்சத்தை முன்கூட்டியே தாளில் எழுதி, மறுநாள் நடந்ததோடு ஒப்பிடுகிறார். அடுத்த பயணத்தில் மூன்று அழைப்புகள் ஒன்றாகின்றன; அதற்கடுத்து, அவன் சென்னை சேர்ந்த பிறகே பேசுகிறார். அழைக்காமலிருக்கும் இரவு கடினமானதே. நிச்சயமின்மையைத் தாங்க மனம் பழகுவது அத்தகைய இரவுகளில்தான்.

மற்றொன்று தளர்வுப் பயிற்சி. கை, தோள், முகம் எனத் தசைகளை வரிசையாக இறுக்கித் தளர்த்தும் இம்முறை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனிடமிருந்து வந்தது. நாள்தோறும் பழகியவர், பதற்றத்தின் முதல் அறிகுறியிலேயே விரைவாகத் தளரக் கற்கிறார். பிரித்தானிய தேசிய வழிகாட்டுதல் இவ்விரண்டையுமே பரிந்துரைக்கிறது. எழுதத் தயங்குவோருக்கும் உடல் இறுக்கம் மிகுந்தோருக்கும் தளர்வுப் பயிற்சியையே நான் முதலில் கூறுவேன். இளமைக்கால உறவுகளை ஆராயும் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையும் பயன் தருகிறது. ஆனால் 2009-இல் வெளியான ஜெர்மானிய ஒப்பீட்டில், கவலையைக் குறைப்பதில் சி.பி.டி.யே முந்தியது.

யோகா போதாதா எனப் பலர் வினவுகின்றனர். 226 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2020-இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின், சி.பி.டி. பெற்றோரில் சுமார் 71 விழுக்காட்டினரும், குண்டலினி யோகா பயின்றோரில் 54 விழுக்காட்டினரும், மன அழுத்தம் குறித்த வகுப்பு மட்டும் கேட்டோரில் 33 விழுக்காட்டினரும் நல்ல முன்னேற்றம் கண்டனர். ஆறு மாதங்களுக்குப் பிறகு, வகுப்புக் கேட்டோரைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தோர் சி.பி.டி. பெற்றோரே. எனவே யோகா செய்வோர் தொடரலாம். அதனை மட்டுமே நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். குற்றாலத்து அருவியில் தலை நனைத்தால் மனம் தெளியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அந்தக் குளிர்ச்சி இன்பமானதே, எனினும் வீடு திரும்பியதும் கவலை மீண்டும் வரும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். "ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று நாளுக்குப் பத்து முறை தேற்றினால், பதினோராவது முறையும் கேட்கவே தோன்றும். "சிகிச்சையில் இதற்கு என்ன எழுதினீர்கள்?" என்று கனிவாக வினவுங்கள். "வேறு வேலை இல்லையா?" என்ற ஏளனமும் வேண்டாம். மாத்திரை உட்கொள்வோர், பேச்சுவழிச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்பதற்காக அதனைத் தாமாக நிறுத்தலாகாது.

புறநோயாளர் பிரிவுக்கு வர இயலாதோர், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.