நமக்கு அது புதன்கிழமை

கணினி சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். தம்பி என்று வரும் இடத்திலெல்லாம் தங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் மதர்போர்டில் சுத்தமாகப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் ஒரு பெண்தான். "சார், அதுவா அப்டேட் ஆயிடுச்சு, அப்புறம் எதுவும் வேலை செய்யல" என்று லேப்டாப் பையோடு படியேறி வருகிறவர்களை எப்படிக் கையாள்வது என்பதுதான் விஷயம்.

1. அப்டேட் என்ற ஒரே பெயரில் விண்டோஸ் மூன்று வேறு சரக்குகளை இறக்குகிறது. மாதம் ஒருமுறை வரும் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று. 22ஹெச்2, 23ஹெச்2 என்று பெயர் மாறி வரும் பதிப்பு மாற்றம் இன்னொன்று. சத்தமில்லாமல் கூடவே வரும் டிரைவர் மூன்றாவது. வாடிக்கையாளருக்கு மூன்றும் ஒன்றுதான். உனக்கு அப்படி இருக்கக் கூடாது. முதலாவது கண்டிப்பாக ஏற வேண்டும், சில நாள் தாமதமாக ஏறலாம். இரண்டாவது, நீ சொல்லும்போது ஏறட்டும். மூன்றாவது, கேட்டாலொழிய வரக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

2. நாட்காட்டியில் குறித்து வை. 2003 முதல் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமானால் 11.30. ஆகவே நம் ஊரில் விளைவு தெரிவது புதன்கிழமை காலை, கடை ஷட்டர் ஏறும் நேரத்தில். அந்தச் செவ்வாய்க்கு முன்பே செட்டிங்ஸில் "பாஸ் அப்டேட்ஸ்" போய் ஒரு வாரம் தள்ளி வை. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ஹோம் பதிப்புக்காரர்களுக்கு இந்த வசதியே இல்லை. 2019 மே மாதப் பதிப்பில்தான் அவர்களுக்கும் கிடைத்தது. அதிகபட்சம் 35 நாள். அது முடிந்ததும் நிலுவையில் இருப்பதை ஏற்றிய பிறகே மறுபடி தள்ளிப்போட விடும்.

ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பாய். 2021 மார்ச் 9 அன்று வந்த திருத்தத்தை ஏற்றியவர்கள் கியோசெரா, ரிக்கோ, ஸீப்ரா பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்ததும் நீலத்திரை வந்து மெஷின் விழுந்தது. அவசரத் திருத்தம் வந்தது மார்ச் 15-இல். லேபிள் ஒட்டிப் பார்சல் அனுப்பும் கிடங்குகளுக்கு அந்த ஆறு நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசி. ஒரு வாரம் தள்ளிவைத்தவர்களுக்கு அது வழக்கமான வாரமாகவே கழிந்தது.

3. சும்மா இருக்கும் கையால் "செக் ஃபார் அப்டேட்ஸ்" பொத்தானை அழுத்தாதே. அதை அழுத்துகிறவரை "எனக்கு முதலில் கொடு" என்று வரிசையில் முன்னால் வந்து நிற்பவராகவே மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொள்கிறது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி 1809 என்ற பதிப்பு வந்தது. தானாக எல்லோருக்கும் போகத் தொடங்கவேண்டிய தேதி அக்டோபர் 9. அதற்குள், அந்தப் பொத்தானைத் தாமாக அழுத்தி வாங்கிக்கொண்டவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகள் அழிந்துபோயின. சில நாளிலேயே நிறுத்திவைத்து, நவம்பர் 13 அன்று சரிசெய்து மறுபடி விட்டார்கள். ஆர்வமில்லாதவர்கள் தப்பித்தார்கள். விண்டோஸ் 11-இல் "புதியவை வந்தவுடன் கொடு" என்ற பொருளில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதையும் அணைத்து வை. மாதக் கடைசியில் "ப்ரிவ்யூ" என்று வருவது அடுத்த மாதத்துக்கான ஒத்திகை. அதில் நடிக்க நம் வாடிக்கையாளர் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

4. அப்டேட் சேவையையே கொன்றுபோடும் வித்தையைக் கற்றுக்கொள்ளாதே. "ஒரே நிமிடத்தில் நிரந்தரமாக நிறுத்துங்கள்" என்று வீடியோக்கள் வரும். சர்வீஸஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டை டிஸேபிள் செய்தால், மெடிக் சர்வீஸ் என்ற இன்னொன்று வந்து அதை எழுப்பிவிடும். அதையும் அடக்க ஸ்கிரிப்ட் இருக்கிறது என்பார்கள். அப்படிச் செய்துவைத்த மெஷின்களை ஓராண்டு கழித்துத் திறந்து பார்க்கும் வேலையும் நமக்குத்தான் வரும்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸின் கதையைத் தேதியோடு நினைவில் வை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச் 14-இல் வந்துவிட்டது. தாக்குதல் மே 12-இல். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பியது அந்த நாளில்தான். கணக்குப் போட்டுப் பார்: 35 நாள் முழுக்கத் தள்ளிவைத்திருந்தால்கூட ஏப்ரல் 18-க்குள் ஏறியிருக்கும்; கையில் மூன்று வாரத்துக்கு மேல் மிச்சம். மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் தள்ளிவைத்தவர்கள் அல்ல, ஏற்றாமலே விட்டவர்கள்.

5. ஜனங்களுக்கு உண்மையான கோபம் அப்டேட் மேல் அல்ல, ரீஸ்டார்ட் மேல். பில் போடும்போது திரை அணைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "ஆக்டிவ் அவர்ஸ்" என்ற இடத்தில் கடை நேரத்தைக் குறித்துவிடு. 18 மணி நேரம் வரை தடுக்கலாம். தானாகக் கணித்துக்கொள்ளும் தேர்வை நம்பாமல் கையால் போடு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் லேப்டாப் என்றால் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறி. பெரும்பாலான பதிவிறக்கம் நின்றுவிடும், டேட்டாவும் மிஞ்சும். ஆனால் மாதத்தில் ஒரு ராத்திரியாவது வைஃபையில் விட்டு ஏற்றச் சொல். யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் டெஸ்க்டாப்பில் அப்டேட்டை ஆரம்பித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதே.

6. இப்போது டிரைவர். இங்கேதான் அதிகம் கற்க வேண்டும்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஹார்டுவேர் ஐடி உண்டு. உற்பத்தியாளர்கள் தங்கள் டிரைவர்களை மைக்ரோசாஃப்டிடம் கொடுத்து வைக்கிறார்கள். விண்டோஸ் ஐடியைப் பார்த்து, தனக்குப் பொருத்தமென்று படுவதை இறக்குகிறது. உன் லேப்டாப் கம்பெனி அந்த மாடலுக்கென்று தட்டிச் சரிசெய்து கொடுத்த கிராஃபிக்ஸ் டிரைவர் அதன் கணக்கில் பழசாகத் தெரியலாம். பொதுவான ஒன்று மேலே வந்து உட்காரும். திரை வெளிச்சம் கூட்டும் பட்டன் போகும், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல் போகும். யாரும் எதையும் உடைக்கவில்லை, மெஷின் மட்டும் உடைந்த மாதிரி நடந்துகொள்ளும்.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் எஃப்டிடிஐ என்று ஒரு சிப் கம்பெனி. யூஎஸ்பியைப் பழைய சீரியல் போர்ட்டாக மாற்றும் அவர்கள் சிப்புக்கு உலகம் முழுக்கப் போலிகள் உண்டு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாகப் போன அவர்கள் டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. அதன்பின் அந்தக் கேபிளை எந்தக் கணினியில் செருகினாலும் வழக்கம்போல் அடையாளம் காணாது. கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். போலி விற்றவனைப் பிடிக்க வக்கில்லாமல் வாங்கினவன் வயிற்றில் அடித்த வேலை அது என்பது என் கருத்து. 2016-இல் வந்த டிரைவர் சிப்பைக் கொல்லவில்லை. "அசல் அல்லாத சாதனம்" என்ற ஆங்கில வாசகத்தைத் தகவலுக்கு நடுவே செருகி அனுப்பியது. எடைமெஷினிலிருந்து கிலோ கணக்கு வரவேண்டிய இடத்தில் அந்த வாசகம் வந்தால் பில்லிங் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? ப்ரோலிஃபிக் சிப் போட்ட கேபிள்களிலும் இந்தத் தொல்லை உண்டு. புதிய டிரைவர் ஏறியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும், 2012-இலேயே கைவிடப்பட்ட சிப் இது என்று எழுதியிருக்கும். நேற்று வரை ஓடிய கேபிள்தான். "அப்டேட் டிரைவர்" போய், பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன் என்ற வழியில் பழைய தேதியுள்ள டிரைவரைத் தேர்ந்தால் மறுபடி ஓடும். எடைமெஷின், லேப் கருவி, பழைய சிஎன்சி இவையெல்லாம் இந்த மாதிரிக் கேபிளில்தான் தொங்குகின்றன. அந்தக் கடைகளுக்குப் போனால் முதலில் கேபிளைப் பார்.

7. டிரைவரைச் சரிசெய்வதில் வரிசைதான் முக்கியம். முதலில் நெட்டைத் துண்டி. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய். அப்போது வரும் பெட்டியில் டிரைவர் கோப்பையும் அழி என்ற டிக்கைப் போட மறக்காதே. பின் உற்பத்தியாளர் தளத்திலிருந்து முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துவைத்ததைப் போடு. டிரைவர் தானாக இறங்காதபடி தடையைப் போடு. அதற்குப் பிறகே நெட். தடை போடுவதற்கு முன் நெட்டைச் செருகினால், நீ போட்டதன் தலைமேல் பழைய பூதம் மறுபடி ஏறிக்கொள்ளும். வாடிக்கையாளர் வீடு போய்ச் சேருவதற்குள் போன் வரும்.

தடை போடும் இடம்: ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று இறங்கினால், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதி இருக்கும். புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். "சேர்க்காதே" என்பதுதான் விதி. அதை எனேபிள் செய்தால்தான் டிரைவர் நிற்கும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இல்லை. இதே விதியை ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பாக எழுத வேண்டும். அதன் பெயரை மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் எடு. யாரோ செய்து வைத்த ரெஜ் ஃபைலை இரட்டை க்ளிக் செய்யாதே. கன்ட்ரோல் பேனலில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸுக்கு "நோ" கொடுப்பதும் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி மெஷினைத் திருப்பிக் கொடுக்காதே. ஒரே ஒரு சாதனம்தான் தொல்லை என்றால், அதன் ஹார்டுவேர் ஐடியைக் குரூப் பாலிசியில் கொடுத்து அதற்கு மட்டும் தடை போடலாம். எனக்குப் பிடித்த வழி இது. மற்ற எதையும் தொடுவதில்லை.

8. டிரைவர் பூஸ்டர் வகையறா மென்பொருள் எதையும் போடாதே. இலவசமானாலும் வேண்டாம், காசு கொடுத்து வாங்கியதானாலும் வேண்டாம்.

9. பதிப்பு மாற்றத்தைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்டுக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் பெட்டியை மூலையில் இருந்த பெருக்கல் குறியால் மூடினால், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு குறித்த நேரத்தில் மாற்றினார்கள். கலிபோர்னியாவில் ஒரு பயண ஏஜென்ட், கேட்காமல் வந்த விண்டோஸ் 10 தன் கணினியைக் கெடுத்ததென்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். இப்போது அவ்வளவு துணிச்சல் இல்லை. ப்ரோ பதிப்பில் இந்தப் பதிப்பிலேயே நில் என்று குரூப் பாலிசியில் எழுதிவைக்கலாம். ஆனால் ஹோம், ப்ரோ இரண்டுக்கும் ஒரு பதிப்பின் ஆயுள் 24 மாதம். அதற்குமேல் பிடித்துவைப்பதில் பயன் இல்லை. மாறிய பிறகு பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம். அந்த 10 நாளில் இடம் காலி செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரைத் துடைத்துவிட்டால் திரும்பும் வழி அடைந்துவிடும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது என்பதையும் வாடிக்கையாளரிடம் மறைக்காதே.

10. எதையும் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் சாவி இருக்கிறதா என்று கேள். 48 இலக்கம். புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், வாங்கினவருக்கே தெரியாது. 2024 ஜூலை மாதத் திருத்தத்துக்குப் பின் சில மெஷின்கள் பூட் ஆகும்போது இந்தச் சாவியைக் கேட்டு நின்றன. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு மறந்துபோன ஜிமெயிலில் இருக்கும். அந்த ஜிமெயிலுக்கு ஓடிபி போகும் நம்பர் மாறிப்போயிருக்கும். சாவியைக் காகிதத்தில் எழுதி, அவர்கள் நகைச்சீட்டு வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்.

11. விழுந்துவிட்டால் ஃபார்மட்டுக்குப் பாயாதே. பூட் ஆகாவிட்டால் ரிக்கவரி திரையில் கடைசியாக ஏறிய குவாலிட்டி அப்டேட்டை மட்டும் நீக்கலாம். பூட் ஆகிறது, சாதனம் மட்டும் தகராறு என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் இருக்கும். ஒன்றைச் செய், பார், அப்புறம் அடுத்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்பது உனக்கே தெரியாது.

பழியைப் போடுமுன் ரிலயபிலிட்டி மானிட்டரைத் திற. எந்த நாளில் என்ன ஏறியது, எது விழுந்தது என்று தேதிவாரியாகக் காட்டும். இந்தக் கருவியைத் திறந்தே பார்க்காத மூத்த டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் நின்றன; நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் விண்டோஸ் அப்டேட்டைத் திட்டினார்கள். காரணமாக இருந்தது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் தனக்குத்தானே இறக்கிக்கொண்ட ஒரு கோப்பு. அந்த மென்பொருள் இருந்தால், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைத்திருந்த மெஷினும் அன்று விழுந்திருக்கும்.

12. செய்ததை எழுதி வை. தேதி, எந்த விதி, அதை எப்படி எடுப்பது. ஒரு சீட்டு நம் நோட்டில், ஒரு சீட்டு வாடிக்கையாளரிடம். குரூப் பாலிசியில் கைவைத்த பிறகு அப்டேட் பக்கத்தில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வரும். வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் அதைப் பார்த்ததும் ஹேக் ஆகிவிட்டதென்று பாங்குக்குப் போன் போடுவார். அந்த வரி நாம் போட்டதால் வருவது என்று மெஷினைக் கையில் கொடுக்கும்போதே திரையில் காட்டிச் சொல்லிவிடு.